டிரெய்லர் இழுக்கும் பழைய பிக்கப்பை எப்போது மாற்றலாம்? எண்ணெய் சொல்லுமா?

அமெரிக்காவின் கொலராடோவில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஐசனோவர் சுரங்கப்பாதை. அதை நோக்கி டிரெய்லரை இழுத்தபடி ஒரு பழைய பிக்கப் ஏறுகிறது. அதில் முதலில் களைப்பது எது தெரியுமா? பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான்.

இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுழலும். எஞ்சினும் கியர்பாக்ஸும் இப்படித்தான் கைகோக்கின்றன. நடுவே காற்றுக்குப் பதில் எண்ணெய். பாரம் கூடக்கூட இரண்டாவது விசிறி பின்தங்கும். வீணாகும் சக்தி எண்ணெயைச் சூடாக்கும்.

பஜ்ஜி சுட்ட எண்ணெயையே திரும்பத் திரும்பக் காயவைத்தால் என்ன ஆகும்? அதேதான். வழக்கமாகச் சிவப்பாக இருக்கும் கியர்பாக்ஸ் எண்ணெய் பழுப்பாகி, கருகல் வாடை அடிக்கும். உள்ளே கிளட்ச் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு.

ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் அலறி, வண்டி வேகம் பிடிக்க மறுக்கிறதா? கியர்பாக்ஸ் கைவிடப் போகிறது. அதற்காக வண்டியையே விற்றுவிடாதீர்கள். கியர்பாக்ஸை மாற்றலாம்.

வண்டியையே மாற்ற வேண்டுமா என்று தெரிய, குனிந்து அடியில் பாருங்கள். அமெரிக்காவின் வட மாநிலங்களில் பனிக்காலச் சாலையில் தூவும் உப்பு, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை அரித்துவிடும். டிரெய்லர் கொக்கி பொருத்திய இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். ஓட்டை விழுந்தால், அந்த வண்டியில் இனி டிரெய்லரை மாட்டாதீர்கள்.