9 பேர்... 2 பரிசல்... கரையில் உட்கார்ந்த ஆயா!
ஒகேனக்கல் சென்ற மூலக்குளம் குடும்பம்

புதுச்சேரி,-

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. பீச்சும் படகு குழாமும் பிள்ளைகளுக்கு அலுத்துப் போச்சு. "அருவிக்கு போகணும்ப்பா" என்று ஒரே நச்சரிப்பு.

மூலக்குளத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர் அவர். பொங்கலுக்குக் கூட அரை நாள்தான் ஷட்டரை இறக்குவார். இந்த கோடையில் ஒரு சனிக்கிழமை இரவு கடையைப் பூட்டி வேன் பிடித்தார். மனைவி, 2 பிள்ளைகள், தம்பி, தம்பி மனைவி, அவர்கள் மகன், மச்சான், வயதான அம்மா. ஆக 9 பேர். விழுப்புரம், திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, தர்மபுரி வழியாகப் போய்ச் சேர்ந்தபோது பொழுது விடிந்து விட்டது.

பாறைக்கு நடுவே காவிரி

கர்நாடகத்தில் இருந்து காட்டுக்குள் பாய்ந்து வரும் காவிரி, ஒகேனக்கல்லில் பல கிளைகளாகப் பிரிந்து விழுகிறது. பிறகு ஒடுங்கிய பள்ளத்தாக்கில் நுழைகிறது. இரண்டு பக்கமும் சுவர் மாதிரி பாறை. ஒரு கரை தமிழ்நாடு, எதிர்க்கரை கர்நாடகம். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. விழுகிற தண்ணீர் புகை போல எழும்புவதால் இந்தப் பெயர்.

எண்ணெய் மசாஜ், குளியல் முடிந்தது. அடுத்தது பரிசல். அங்கேதான் தகராறு.

"மடியில உட்காரட்டும்"

"ஒரு பரிசலுக்கு நாலு பேருதான் அண்ணே" என்றார் பரிசல்காரர். 2 பரிசலுக்கு 8 பேர். ஒருவர் மிச்சம்.

"சின்னப் பையன்தானே, மடியில உட்காரட்டும்" என்றார் கடைக்காரர். "கூட 100 ரூபா வாங்கிக்கப்பா" என்று மச்சானும் சேர்ந்து கொண்டார். பரிசல்காரர் அசையவில்லை. மூங்கில் பின்னி, அடியில் தார் பூசிய வட்டத் தொட்டி அது. எடை ஒரு பக்கம் சாய்ந்தால் பரிசலும் சாயும்.

பேச்சு முற்றியது. அப்போது ஆயா கழுத்தில் மாட்டிய லைப் ஜாக்கெட்டை கழற்றினார்.

"நான் வரலை. நீங்க போய்ட்டு வாங்கடா. பேப்பர்ல படிச்சது மறந்து போச்சா?"

2015-ம் ஆண்டு கோடையில் இதே ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்தது. சென்னையில் இருந்து சுற்றுலா வந்த குடும்பத்தினர் பலியானார்கள்.

கடைக்காரர் வாயை மூடிக் கொண்டார். 8 பேரும் ஜாக்கெட் மாட்டி ஏறினார்கள். பள்ளத்தாக்குக்குள் பரிசலைச் சுழற்றி விட்டபோது பிள்ளைகள் போட்ட கூச்சல் பாறையில் எதிரொலித்தது. தண்ணீர் நடுவே பரிசலிலேயே கடை வைத்து முறுக்கு விற்கிறார்கள். 'இந்த இடத்தில் என்ன விலை போட்டாலும் வாங்கத்தான் வேண்டும்' என்று கடைக்காரருக்கு வியாபார யோசனை!

கரையில் இருந்த ஆயாவுக்கு எந்த வேடிக்கையும் கண்ணில் படவில்லை. திரும்பி வருகிற ஒவ்வொரு பரிசலிலும் தலையை எண்ணிக் கொண்டிருந்தார்.

கிளம்பும் முன்...

ஒகேனக்கல்லில் சொட்டு மழை இல்லாவிட்டாலும் தண்ணீர் ஏறும். குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டினால் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளில் தண்ணீரைத் திறந்து விடுவார்கள். எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது. வரத்து கூடினால் பரிசலுக்கும் குளியலுக்கும் கலெக்டர் தடை போடுவார். ஜூன், ஜூலையில் போகிறவர்கள் பேப்பரில் கனஅடி கணக்கைப் பார்த்து விட்டு வேனுக்கு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.

மதியம் வாங்கிய மீனை அங்குள்ள பெண்களிடமே கொடுத்து குழம்பும் வறுவலும் செய்து சாப்பிட்டார்கள். முதல் துண்டு ஆயாவுக்கு.

திங்கட்கிழமை காலை மூலக்குளத்தில் வழக்கம் போல கடை திறந்தது. "அடுத்த வருஷமும் போலாமா ஆயா?" என்று பேரன் கேட்டான்.

"போலாம். உங்கப்பனை மூணு பரிசல் எடுக்கச் சொல்லு" என்றார் ஆயா.