கண்டக்டர் ஏறிய படிகள்

சென்ற மாதம் தணிக்கையின் பொருட்டு ஒரு நெசவாளர் சங்கத்திற்குச் சென்றிருந்தேன். மாரடைப்பால் மாண்ட அங்கத்தினர் ஒருவரின் சேமிப்புக் கணக்கை முடித்துப் பெற அவருடைய மனைவியார் வந்திருந்தார். இறந்தவருக்கு வயது 46. “ஒல்லியான தேகந்தானே ஐயா, அவருக்கு இது எப்படி வந்தது?” என்று அவ்வம்மையார் வினவினார். அவர் கணவரின் நோய்க்குக் காரணம் யான் அறியேன். எனினும் மெலிந்த உடலே இருதயத்திற்குக் காப்பு என்னும் எண்ணம் நம்மிடையே பரவியிருப்பதால் இதனை எழுதத் துணிந்தேன்.

லண்டன் மாநகரின் மாடி பஸ்களில் அந்நாளில் டிரைவர் பெரும்பொழுதும் அமர்ந்தே இருப்பார். கண்டக்டரோ சீட்டுக் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறுவார். டாக்டர் ஜெரமி மாரிஸ் என்பார் 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களை ஆராய்ந்து, 1953-இல் முடிவை வெளியிட்டார். கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவே வந்தது. வந்தபோதும் அதன் கடுமை குறைந்திருந்தது.

டிரைவர்கள் பருத்தவர்களாயிருந்ததே காரணமோ என்னும் ஐயம் எழுந்தது. சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவைக் கொண்டு அதனையும் ஆராய்ந்து 1956-இல் எழுதினார். டிரைவர்களின் அளவே பெரிதாயிருந்தது. ஆயினும் மெலிந்தவராயினும் பருத்தவராயினும் கண்டக்டர்களிடையே திடீர் மரணம் குறைவென்பது பின்னர்த் தெரியவந்தது.

எடைக் குறைப்பு வீண் என்று இதற்குப் பொருளன்று. மிகுந்த எடையுடையோர் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் தணியும். நம் நாட்டு ஆடவர்க்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரையும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டாதிருத்தல் நன்று. ஆனால், உடல் அசைவு தரும் காப்பு வேறு. அது இருதயத் தசையை வலுப்படுத்தி இரத்தக் குழாய்களை நெகிழச் செய்கின்றது.

தறியில் கைகால்கள் உழைப்பினும் உடல் அமர்ந்தே இருக்கின்றது. டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் வந்தபின் விவசாயியின் நடையும் குறைந்துவிட்டது. வாரத்திற்கு 150 நிமிட விரைந்த நடையேனும் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாள்தோறும் அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் போதும். நடக்கையில் மார்பு இறுகினால் தாமதியாது மருத்துவரிடம் செல்க.

சிறுதொகையை விடாது செலுத்தியே சேமிப்பு வளர்கின்றது, நடையும் அத்தகையதே. ஒவ்வோர் அங்கத்தினரும் தம் கணக்கைத் தாமே வந்து, தம் கையாலேயே கையொப்பமிட்டு முடித்துச் செல்லுதல் வேண்டும் என்பதே என் விருப்பம்.