வானத்தின் மீது பழி

1877-ஆம் வருஷத்தில் நம் தேசத்தில் பருவமழை பொய்த்ததற்குரிய முக்கிய காரணம் தொலைவிலுள்ள பசிபிக் மகாசமுத்திரத்தில் இருந்தது. சில வருஷங்களுக்கொருமுறை அதன் கிழக்குப் பாகத்து நீர் உஷ்ணமடைகிறது. வியாபாரக் காற்று தளர்கிறது. மழைமேகம் திரளும் இடம் கிழக்கே நகர்கிறது. இதுவே எல் நினோ. அப்போது இந்து சமுத்திரப் பக்கம் வாயுவின் அழுத்தம் ஏறுகிறது. நம் பருவமழை பெரும்பாலும் குன்றுகிறது. இந்திய வானிலை இலாகாவின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், இவ்வழுத்தம் தராசுத் தட்டுகளைப்போல் மாறிமாறி ஏறியிறங்குவதைக் கணித்து, 1924-இல் அதற்குத் 'தெற்கு அலைவு' என்று பெயரிட்டார்.

ஆயினும் பஞ்சச் சாவுகளுக்குக் காற்றை மட்டும் குற்றஞ்சாட்டுதல் நியாயமாகாது. ஜனங்கள் லக்ஷக்கணக்கில் மடிகையில் லிட்டன் பிரபுவின் சர்க்கார் தானிய ஏற்றுமதியைத் தடுக்கவில்லை; நிவாரணக் கூலியையும் குறைத்தது. இன்றோ அந்தச் சமுத்திரம் சூடேறுவதைப் பல மாதங்களுக்கு முன்பே அறியலாம். மழையைத் தருவிக்க எந்தச் சர்க்காராலும் இயலாது. களஞ்சியத்தை நிரப்ப இயலும். முன்னறிந்தும் நிரப்பாதவர் பின்னர் வானத்தை நோவதை நாம் ஒப்பமாட்டோம்.