குழந்தைப் பருவப் பிணைப்பு ஆய்வுகளும் உளநலச் சிகிச்சையும்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைக்கும் அதனைப் பேணுபவருக்கும் இடையே உருவாகும் பிணைப்பு பற்றிய ஆய்வுகள் உளநலச் சிகிச்சைக்கு எவ்வாறு பயன்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பிணைப்பு வகைகள் நோய்ப்பெயர்கள் அல்ல. பேணுபவரின் குறிப்பறியும் திறனை வளர்ப்பதே அவ்வாய்வுகள் சிகிச்சைக்குக் காட்டும் வழி என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பிணைப்பு, குறிப்பறிதல், நோய்க்கணிப்பு, பேணுபவர், உளநலம்.

முன்னுரை

பிரித்தானிய உளமருத்துவர் ஜான் பௌல்பி (1907–1990), உலக சுகாதார நிறுவனத்திற்காக 1951-இல் எழுதிய அறிக்கையில், நிலையான அன்பும் பேணலும் குழந்தையின் உளநலத்திற்கு இன்றியமையாதவை என வலியுறுத்தினார். உணவு தருபவர் என்பதால் மட்டுமே குழந்தை தாயை நாடுகிறது என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை. அச்சம் நேரும்போது நெருக்கமானவரை நாடுவது குழந்தையின் உயிர்காப்பு இயல்பு என்பது அவரது கொள்கை.

பிணைப்பின் வகைகள்

மேரி ஐன்ஸ்வொர்த் உகாண்டாவிலும் பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய்-சேய் உறவை வீடுகளிலேயே உற்றுநோக்கினார். அவர் வகுத்த சோதனையில், ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தையைப் புதிய அறையொன்றில் விட்டுத் தாய் சிறிது நேரம் பிரிந்து மீள்வார். பிரிவில் குழந்தை அழுகிறதா என்பதைவிட, தாய் மீளும்போது அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதே இங்கு முதன்மையானது. தாயிடம் சென்று ஆறுதலடைந்து மீண்டும் விளையாடுவது பாதுகாப்பான பிணைப்பு. முகந்திருப்புவது தவிர்க்கும் பிணைப்பு. நாடிச் சென்றும் ஆறுதலடையாது சினப்பது இருமனப் பிணைப்பு. ஒழுங்கு குலைந்த பிணைப்பு என்னும் நான்காம் வகையை மேரி மெயினும் ஜூடித் சாலமனும் பின்னர்ச் சேர்த்தனர். குழந்தையின் குறிப்பை உணர்ந்து உரிய நேரத்தில் உதவிய தாயரின் குழந்தைகளிடமே பாதுகாப்பான பிணைப்பு மிகுதியாகக் காணப்பட்டது.

வகைப்பாடு நோய்க்கணிப்பு ஆகாது

தவிர்க்கும் பிணைப்பும் இருமனப் பிணைப்பும் இயல்பான குழந்தைகளிடமும் காணப்படுபவை. ஒழுங்கு குலைந்த பிணைப்பை மட்டும் கொண்டு ஒரு குழந்தை கொடுமைக்கு உள்ளானதாக முடிவுசெய்தல் தவறு எனப் பிணைப்பு ஆய்வாளர்கள் பலர் 2017-இல் கூட்டாக எச்சரித்தனர். 2013-இல் வெளியான அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு குறிப்பிடும் பிணைப்புசார் கோளாறுகள், கடுமையான புறக்கணிப்புக்குள்ளான குழந்தைகளிடம் அரிதாகக் காணப்படுபவை.

இவ்வேறுபாட்டை மறந்தால் உயிருக்கே கேடு நேரலாம். பிணைப்புச் சிகிச்சை என்னும் பெயரால் குழந்தைகளை வலிந்து அடக்கும் முறைகள் சில அமெரிக்காவில் பரவின. 2000-இல் கொலராடோ மாநிலத்தில், ‘மறுபிறப்பு’ எனப்பட்ட அத்தகைய சிகிச்சையில் துணியால் சுற்றி அழுத்தப்பட்ட 10 வயதுச் சிறுமி மூச்சுத்திணறி இறந்தாள். மறு ஆண்டே அம்மாநிலம் அம்முறையைத் தடைசெய்தது. அச்சுறுத்தல் பிணைப்பை உருவாக்காது. பிணைப்புக் கொள்கைக்கே அது முரணானது.

சிகிச்சையில் பயன்பாடு

நெதர்லாந்தில் வான் டென் பூம், எளிதில் எரிச்சலுறும் இயல்புடைய 100 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வை 1994-இல் வெளியிட்டார். அவர்களுள் ஒரு பகுதியினரின் தாயருக்கு, குழந்தையின் குறிப்பை உணரும் பயிற்சி மூன்று முறை வீட்டிலேயே அளிக்கப்பட்டது. ஒரு வயதில், பயிற்சி பெற்றோரின் குழந்தைகளிடம் பாதுகாப்பான பிணைப்பு தெளிவாக மிகுந்திருந்தது. 70 ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வெளியான ஆய்வும், நீண்டகாலச் சிகிச்சையைவிடக் குறிப்பறிதலை மட்டும் இலக்காகக் கொண்ட குறுகியகாலப் பயிற்சியே மிகுந்த பயன் தந்தது எனக் காட்டியது. இத்தகைய பயிற்சிகளுள் ஒன்றில், தாயும் சேயும் விளையாடுவதைச் சிகிச்சையாளர் காணொளியாகப் பதிவுசெய்து, தாய் சரியாகக் குறிப்பறிந்த இடங்களை அவருக்கே காட்டி ஊக்குவிப்பார்.

பேணுபவரே இல்லாதபோது பயிற்சி போதாது. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் காப்பகங்களில் வளர்ந்த 136 குழந்தைகளுள் பாதிப்பேர் சமவாய்ப்பு முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிடம் பாதுகாப்பான பிணைப்பு மிகுந்தது. இரண்டு வயதிற்குள் குடும்பம் பெற்றவர்களிடம் இப்பயன் கூடுதலாக இருந்தது.

முடிவுரை

‘இக்குழந்தை எவ்வகையைச் சேர்ந்தது?’ என்பதைவிட, ‘இதனைப் பேணுபவருக்கு எத்தகைய துணை தேவை?’ என்னும் வினாவே சிகிச்சையாளருக்குப் பயன் தருவது. ஆதலின் குழந்தையைத் தனியே பிரித்து ஆராயாது, பேணுபவரோடு சேர்த்து நோக்குவதும், இயன்றவரை விரைந்து உதவுவதும் உளநலப் பணியின் கடமைகளாகின்றன.