சீறும் நாயைப் பழக்குதல்: எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது?

புதுதில்லி: வீட்டில் வளரும் நாய் முதன்முறையாக ஒருவரைக் கடித்துவிட்டால், பயிற்சியாளரிடமும் கால்நடை மருத்துவரிடமும் குடும்பத்தினர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாளில் சரியாகும்?" என்பதுதான். பத்தே நாளில் மாற்றிக் காட்டுவதாகக் கூறும் விளம்பரங்களுக்கும் பஞ்சமில்லை. சீற்றத்தைக் குறைக்கலாம், ஆபத்தைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் இனி ஒருபோதும் கடிக்காது என்று எவராலும் உறுதி கூற இயலாது என்பதே உண்மை நிலை.

கடந்த 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம் லக்னோவில் வளர்ப்பு பிட்புல் நாய் தாக்கியதில், அதன் உரிமையாளரின் 82 வயதுத் தாயார் உயிரிழந்தார். பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 இன நாய்களின் விற்பனைக்கும் இனப்பெருக்கத்துக்கும் தடை விதிக்குமாறு, 2024 மார்ச் 12-ஆம் தேதி மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. தொடர்புடைய தரப்பினரைக் கலந்தாலோசிக்கவில்லை எனக் கூறி, கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதனை ரத்து செய்தது.

எந்த இனத்தை வளர்க்கலாம் என்ற விவாதம் ஒருபுறம் இருக்க, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் நாயை என்ன செய்வது என்பதே பல குடும்பங்களின் கவலையாக உள்ளது.

சீற்றத்தின் வேர் எது?

வேறொரு நாயையோ அந்நியரையோ கண்டதும் குரைத்து, கயிற்றை இழுத்துக்கொண்டு பாயும் நாய்கள் எல்லாம் கடிக்கும் எண்ணம் கொண்டவை அல்ல. அவற்றுள் பல, அச்சமூட்டும் ஒன்றை விலக்கி நிறுத்தவே அவ்வாறு செய்கின்றன. குரைத்ததும் எதிரில் வந்தவர் விலகிச் சென்றால், தனது உத்தி பலித்ததாகவே நாய் கற்றுக்கொள்கிறது. நாளடைவில் அது பழக்கமாக வேரூன்றுகிறது.

பிறந்த 3-ஆவது வாரம் முதல் ஏறத்தாழ 14-ஆவது வாரம் வரையிலான காலத்தில்தான் குட்டிகள் மனிதர்களையும் பிற விலங்குகளையும் ஓசைகளையும் இயல்பானவையாக ஏற்கப் பழகுகின்றன. அக்காலத்தைக் கூண்டிலோ மொட்டை மாடியிலோ கழித்த நாய்க்கு, பிற்காலத்தில் அளிக்கப்படும் பயிற்சி அந்த இழப்பை முழுமையாக ஈடுசெய்வதில்லை.

உடல் வலியும் முக்கியக் காரணமாகும். காதுப் புண், பல்வலி, மூட்டு வலி ஆகியவற்றால் அவதியுறும் நாய், தொட வருபவரைக் கடிக்கலாம். இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரெனச் சீறத் தொடங்கினால், பயிற்சிக்கு முன்பாகக் கால்நடை மருத்துவப் பரிசோதனை அவசியம். கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்தாலே சீற்றம் தணிந்துவிடும் என்ற நம்பிக்கையும் எல்லா நாய்களுக்கும் பொருந்தாது.

பயிற்சி நடைபெறும் விதம்

நாய் எந்தத் தொலைவில் அச்சமூட்டுவதைக் கவனித்தும் அமைதி இழக்காமல் இருக்கிறதோ, அங்கிருந்தே பயிற்சி தொடங்குகிறது. எதிரில் மற்றொரு நாய் தென்படும்போதெல்லாம் விருப்பமான தின்பண்டம் வழங்கப்படுகிறது. பல வாரங்களில் அந்தத் தொலைவு சிறிது சிறிதாகக் குறைக்கப்படுகிறது. நாய் குரைக்கத் தொடங்கிவிட்டால், அன்றைய தொலைவு போதவில்லை என்பதே பொருள்.

மாடிப்படி, மின்தூக்கி, குறுகிய நடைபாதை, வாயிலில் காத்திருக்கும் தெரு நாய்கள் என இந்திய நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அந்தத் தொலைவைப் பேணுவது எளிதன்று. எனவே ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் வெளியே அழைத்துச் செல்வது, விருந்தினர் வரும்போது தனி அறையில் வைப்பது, வாய்மூடி அணியப் பொறுமையாகப் பழக்குவது ஆகியவை பயிற்சிக்கு இணையான முக்கியத்துவம் பெறுகின்றன. தீபாவளி வெடியோசை போன்ற நிகழ்வுகளால், முன்னேறிய நாய் சில காலம் பின்னடைவதும் உண்டு.

கால்நடை மருத்துவர் பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகளைப் பரிந்துரைக்கக் கூடும். அவற்றுள் சில பலனளிக்கவே பல வாரங்கள் ஆகும். அவை பயிற்சிக்குத் துணையே அன்றி மாற்று அல்ல.

உறுமலைத் தண்டிக்கலாமா?

உறுமல் என்பது நாய் விடுக்கும் எச்சரிக்கை. அடித்தோ, மின்னதிர்ச்சிப் பட்டை அணிவித்தோ அதனை அடக்கினால் எச்சரிக்கை மட்டுமே மறையும், அச்சம் மறையாது. முன்னறிவிப்பின்றிக் கடிக்கும் நாயாக அது மாற வாய்ப்புண்டு. விலங்கு நடத்தையியலுக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட நிலைப்பாட்டில், சீறும் நாய்கள் உட்பட அனைத்து நாய்களுக்கும் வெகுமதி சார்ந்த பயிற்சியையே பரிந்துரைத்துள்ளது.

எது வெற்றி?

பூங்காவில் எல்லோருடனும் விளையாடும் நாயாக மாறுவதே வெற்றி எனக் கருதுவோர் பெரும்பாலும் ஏமாற்றமடைகின்றனர். தெருவின் மறுபுறம் செல்லும் நாயைப் பார்த்துவிட்டு உரிமையாளரை நோக்கித் திரும்புவது, சீறினாலும் விரைவில் அமைதி அடைவது, ஓராண்டு எவரையும் கடிக்காமல் கழிவது ஆகியவையே எட்டக்கூடிய இலக்குகள்.

ஆழமாகக் கடித்த வரலாறு கொண்ட நாய், சிறு குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டில் இருக்கும்போது இந்த இலக்குகளும் போதாமல் போகலாம். அந்நிலையில் நடத்தையியல் அறிந்த மருத்துவரின் ஆலோசனையுடன், நாயைத் தொடர்ந்து வீட்டில் வைத்திருக்க இயலுமா என்பதைக் குடும்பம் முடிவு செய்ய வேண்டியுள்ளது. வேறொருவரிடம் ஒப்படைப்பதாயின், கடித்த விவரங்களை மறைப்பது அவரையும் ஆபத்தில் தள்ளுவதாகும். தெருவில் விட்டுச் செல்வது தீர்வாகாது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடிய நிலையில் அதனைத் தடுக்க அலட்சியம் காட்டும் உரிமையாளருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறைத் தண்டனையோ, ரூ.5,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

தடுப்பூசி செலுத்தப்பட்ட வளர்ப்பு நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது என்பது குறிப்பிடத்தக்கது.