நாற்றங்கால் இங்கே, களம் எங்கேயோ!

திருப்பத்தூருக்கு நீங்கள் போனதுண்டா? ஜோலார்பேட்டை ஜங்ஷனில் வண்டி நிற்கும்போது, "திருப்பத்தூர் அடுத்த ஸ்டேஷன்தானே, இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டு மேலே போனவர்கள்தான் நம்மில் அநேகம் பேர். கிழக்கே ஜவ்வாது மலை நீலமாகப் படுத்திருக்கும். இன்னொரு பக்கம் ஏலகிரி. வேலூர் ஜில்லாவோடு சேர்ந்திருந்த இந்த ஊர், 2019-ஆம் வருஷம் தனி ஜில்லாவின் தலைநகரமாயிற்று. அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒன்று உண்டு. அதுதான் சர்க்கார் சந்தனக் கிடங்கு.

மலையிலே வளர்ந்த சந்தன மரத்தை வேரோடு தோண்டி எடுத்து, இங்கே கொண்டு வந்து, செதுக்கித் தரம் பிரித்து ஏலத்தில் விடுவார்கள். வாசனை எந்த ஊர் சோப்புக்குள் போய்ச் சேருகிறதோ, எந்த ஊர் அத்தர் சீசாவுக்குள் அடைபடுகிறதோ, யார் கண்டது? மலையில் மரம் நின்ற இடத்தில் மிச்சமிருப்பது ஒரு குழி.

"கூடைப்பந்து பற்றிக் கட்டுரை என்று சொல்லிவிட்டு, சந்தனக் கட்டையைப் பற்றிப் பேசுகிறாரே!" என்று நீங்கள் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. சற்றுப் பொறுங்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

அந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வெகுகாலம் உடற்பயிற்சி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரிடம் போய், "ஸார், உங்கள் கூடைப்பந்து அணி எப்படி?" என்று கேட்டால் போதும், சிரிப்பார். "என் அணியா? அது இப்போது மூன்று ஊர்களில் ஆடிக்கொண்டிருக்கிறது" என்பார்.

அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் நெடுநெடு என்று வளர்ந்திருக்கிறான். பந்தைக் கையில் கொடுத்து, காலை ஐந்தரை மணிக்கு வரச் சொல்லி, இரண்டு மூன்று வருஷம் பாடுபட்டு அவனை ஆட்டக்காரனாக்குகிறார்கள். பிளஸ் டூ முடிந்த கையோடு சென்னையிலிருந்தோ கோயமுத்தூரிலிருந்தோ ஒரு பெரிய கல்லூரி கூப்பிடுகிறது. படிப்புச் சம்பளம் கிடையாது, விடுதி இலவசம், சாப்பாடு இலவசம், ஆடுவதற்கு நல்ல 'ஷூ'வும் உண்டு. பையன் போய்விடுகிறான். தப்பித் தவறி உள்ளூரிலேயே பி.ஏ. படித்தவன், எம்.ஏ. படிக்க அங்கே போகிறான். அதற்கப்புறம் அவன் போடும் ஒவ்வொரு கூடையும் அந்தக் கல்லூரியின் கணக்கில்தான் ஏறும்.

பையனைக் குறை சொல்லுவீர்களோ? என்னால் முடியாது. சாமையும் தேனும் பலாவும் தவிர வேறு வருமானம் அதிகம் இல்லாத மலைக் குடும்பத்திலே, பிள்ளைக்கு மூன்று வருஷம் சாப்பாடும் படிப்பும் செலவில்லாமல் கிடைக்கிறதென்றால் அது லேசான காரியமா? அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. நம் தேசத்தில் கூடைப்பந்து ஆட்டக்காரனுக்கு வெகுகாலமாகக் கிடைத்துவந்த பெரிய சம்பளம் எது தெரியுமா? உத்தியோகம்தான்! இந்தியன் ஓவர்சீஸ் பாங்கு, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே, வருமான வரி இலாகா எல்லாம் அணி வைத்து நடத்தியவை. நன்றாக ஆடினால் மாதச் சம்பளம், வீட்டுக் கடன், பெண் வீட்டார் மரியாதை எல்லாம் வந்துவிடும். அந்த அணிகள் ஆடுவதும், அதிகாரிகள் ஆட்டக்காரர்களைப் பொறுக்குவதும் சென்னை போன்ற பெரிய ஊர்களில். அவர்கள் கண்ணில் பட வேண்டுமானால் பையன் அங்கேதானே இருக்க வேண்டும்?

ஆகையால் கோபம் பையன் மேல் இல்லை. வளர்த்துவிட்ட சின்னக் கல்லூரியின் கதி என்ன என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை இப்போது உலகத்திலேயே மிகவும் உரக்கக் கேட்டுக்கொண்டிருக்கிற தேசம் ஒன்று இருக்கிறது. கூடைப்பந்தைப் பெற்றெடுத்த அமெரிக்காதான் அது!

1891-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்து ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பள்ளி ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் கட்டடத்துக்குள்ளேயே ஆட ஒரு விளையாட்டு வேண்டுமென்று, பீச் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அடித்து மாட்டினார். பந்து விழுந்தால் ஏணி போட்டு ஏறி எடுக்க வேண்டும்! ஏணி போய் வலை வந்தது. அதே ஒய்.எம்.சி.ஏ.யைச் சேர்ந்த ஹாரி பக் என்பவர் 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி ஆரம்பித்தார். அங்கே பயின்று வந்த ஆசிரியர்கள் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் மைதானத்தைக் கட்டியாண்டார்கள்.

அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்குக் கல்லூரிகளே பெரிய மேடை. ஆனால் வெகுகாலம் வரை அங்கே ஒரு சட்டம் இருந்தது. கல்லூரி மாணவன் ஆட்டத்துக்குப் படிப்புச் செலவு பெறலாம்; சம்பளம் பெறக்கூடாது. ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டிக் கோடி கோடியாய்ச் சம்பாதிப்பது மட்டும் எல்லாருக்கும் சம்மதம்! ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. நியாயம்தானா இது? இல்லை என்று மாணவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், ஜயித்தார்கள். 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம் என்றாயிற்று. அதே வருஷம், முதல் தடவை மாறுகிறவன் உட்கார வேண்டியதில்லை என்றார்கள். 2024-இல், படிப்பு சரியாக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றார்கள். 2025 ஜூனில் கோர்ட்டு அங்கீகரித்த சமாதானத்தின்படி, கல்லூரிகளே நேராகச் சம்பளம் கொடுக்கலாம். ஒரு கல்லூரி முதல் வருஷத்தில் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து இரண்டு கோடியே ஐந்து லட்சம் டாலர் வரை கொடுக்கலாம். நம் கணக்கில் 170 கோடி ரூபாய்க்கு மேல்!

பழைய மாணவர்களுக்குப் பாக்கியாகக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை சுமார் 280 கோடி டாலர். அதில் ஒரு பகுதியை, சம்பளமே கொடுக்க வசதியில்லாத சின்னக் கல்லூரிகளுக்குச் சேரவேண்டிய பங்கிலும் பிடித்தம் செய்து கட்டுகிறார்கள். விருந்து சாப்பிட்டவர் ஒருவர், இலை எடுப்பவர் இன்னொருவர்!

மாற விரும்புகிறவர்களின் பெயர்களை எழுதி வைக்கும் ஒரு பட்டியல் 2018 முதல் அங்கே இருக்கிறது. பெயர் ஏறிவிட்டால் எந்தக் கல்லூரிப் பயிற்சியாளரும் பேரம் பேசலாம். முதல் பிரிவில் 360-க்கு மேற்பட்ட ஆண்கள் அணிகள். 2025 வசந்த காலத்தில் அந்தப் பட்டியலில் ஏறிய ஆட்டக்காரர்கள் இரண்டாயிரத்துக்கும் அதிகம். அதாவது மூன்று பேருக்கு ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு நின்றார்!

இதில் சின்னக் கல்லூரிக்கு என்ன ஆகிறது? நியூ ஜெர்ஸியில் ஸெயின்ட் பீட்டர்ஸ் என்று ஏசு சபையார் நடத்தும் ஒரு சிறு கல்லூரி. 2022-இல் தேசியப் போட்டியில் தன் பிரிவின் பதினாறு அணிகளுக்குள் பதினைந்தாவது இடத்தில் வைக்கப்பட்ட அணி அது. கென்டகியைத் தோற்கடித்தது, மர்ரே ஸ்டேட்டைத் தோற்கடித்தது, பர்டியூவையும் தோற்கடித்தது! தேசமே எழுந்து நின்று கை தட்டியது. அதன் ஆட்டக்காரர் ஒருவருடைய மீசை கூடப் பிரசித்தமாகி, கோழி வறுவல் கடை ஒன்று போட்டி முடிவதற்குள் அவரை விளம்பரத்துக்குப் பிடித்துக்கொண்டது. அப்புறம்? பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே, தாம் படித்த ஸீடன் ஹாலுக்குப் போனார். முக்கிய ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர் பின்னாலேயே சென்றார். மற்றவர்கள் திசைக்கொருவராகப் பிரிந்தார்கள். மீசைக்காரரும் போனார். ஜயித்ததற்குக் கிடைத்த பரிசு, காலியான அணி!

இதை விட என் மனத்தைத் தொட்டது லாரெட்டோவின் கதை. பென்ஸில்வேனியா ராஜ்யத்தில், அல்கெனி மலைத் தொடரில் உள்ள மிகச் சிறிய ஊர் அது. பிரான்சிஸ்கன் துறவிகள் 1847-இல் அங்கே ஸெயின்ட் பிரான்சிஸ் கல்லூரியைத் தொடங்கினார்கள். திருப்பத்தூரில் சலேசிய சபையார் தூய நெஞ்சக் கல்லூரியை ஆரம்பித்த 1951-இல், லாரெட்டோ கல்லூரியில் மாரிஸ் ஸ்டோக்ஸ் என்ற நீக்ரோ வாலிபர் வந்து சேர்ந்தார். ஆறடி ஏழங்குல உயரம். நாலு வருஷமும் அங்கேயே ஆடினார். 1955-இல் நியூயார்க்கில் நடந்த பெரிய போட்டியில் அந்தச் சின்னக் கல்லூரிக்கு நாலாவது இடம்தான் கிடைத்தது. ஆயினும் போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை ஸ்டோக்ஸுக்கே கொடுத்தார்கள். அடுத்த வருஷமே தொழில் ஆட்டத்தில் சிறந்த புதுமுகம் என்று பெயரெடுத்தார்.

1958 மார்ச்சில் ஓர் ஆட்டத்தில் கீழே விழுந்து தலையில் அடிபட்டது. எழுந்து வந்து ஆடினார். மூன்று நாள் கழித்து, விமானத்தில் திரும்பும்போது சுருண்டு விழுந்தவருக்குக் கை கால் அசையாமல் போயிற்று. வயது இருபத்து நாலு. அவரோடு அணியில் ஆடிய ஜாக் ட்வைமன் என்ற வெள்ளைக்காரர், கோர்ட்டுக்குப் போய்த் தம்மை அவருக்குச் சட்டப்படி பாதுகாவலராக நியமித்துக்கொண்டு, பன்னிரண்டு வருஷம், கடைசி வரை, வைத்தியச் செலவுக்குப் பணம் திரட்டிக் காப்பாற்றினார். 1970-இல் ஸ்டோக்ஸ் காலமானபோது அவரை எங்கே அடக்கம் செய்தார்கள் தெரியுமா? அவருடைய விருப்பப்படியே லாரெட்டோவில், கல்லூரியின் நிலத்தில். அங்குள்ள விளையாட்டு மண்டபத்துக்கு அவர் பெயர்தான்.

இந்தக் கல்லூரி, 1991-க்குப் பிறகு முதல் தடவையாக 2025 மார்ச்சில் தேசியப் போட்டிக்குள் நுழைந்தது. மார்ச் 18-ஆம் தேதி அலபாமா ஸ்டேட்டிடம் இரண்டே புள்ளியில் தோற்றது. சரியாக ஒரு வாரம் கழித்து, கல்லூரியின் நிர்வாகக் குழு ஓர் அறிவிப்புச் செய்தது. முதல் பிரிவிலிருந்து விலகி, ஆட்டத்துக்கென்று உபகாரச் சம்பளமே கொடுக்கப்படாத மூன்றாம் பிரிவுக்கு 2026-27 முதல் இறங்கிப் போகப் போகிறோம் என்று! ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம், வருஷா வருஷம் இடமாற்றம் என்று ஆகிவிட்ட உலகத்தில் தங்களால் ஈடு கொடுக்க முடியாது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஜயித்த மாதத்திலேயே கடையைக் கட்டியது எவ்வளவு வேதனை, பாருங்கள்!

இன்றைக்கு ஸ்டோக்ஸ் போன்ற ஒருவர் வந்தால் லாரெட்டோவில் நாலு வருஷம் இருப்பாரா? முதல் வருஷ முடிவிலேயே பத்து லட்சம் டாலரோடு யாராவது வாசலில் நிற்க மாட்டார்களா? அவர் போகத்தான் வேண்டும் என்றும் தோன்றுகிறது. அவருடைய உடம்பு போனபோது கைகொடுக்கப் பணம் இருந்திருந்தால், நண்பர் ஒருவர் ஊர் ஊராக நிதி திரட்டியிருக்க வேண்டியதில்லை அல்லவா? மனம் இரண்டு பக்கமும் இழுக்கிறது.

மரம் போவதும் மனிதன் போவதும் ஒன்றல்ல என்பது வாஸ்தவம். சந்தன மரத்தை யாரும் சம்மதம் கேட்பதில்லை. பையன் தானே போகிறான்; போகட்டும். ஆனால் வளர்த்த இடத்துக்கு ஒன்றுமே வேண்டாமா? கால்பந்துக்காரர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிவதற்கு முன் ஓர் ஆட்டக்காரரை வேறு சங்கம் விலை கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்து மூன்று வயது வரை அவரைப் பயிற்றுவித்த சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும் என்று உலகக் கால்பந்துச் சங்கம் 2001-இல் விதி செய்தது. ஏதோ ஒரு குக்கிராமத்துச் சங்கத்துக்கு ஒரு நாள் திடீரென்று செக் வரும்; அதில் புல் தரை போட்டுக்கொள்ளலாம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இப்படி ஒரு விதி கிடையாது. நம் ஊர்க் கல்லூரிகளுக்குள்ளும் கிடையாது. ஆட்டக்காரனை வரவழைத்துக்கொள்ளும் பெரிய கல்லூரி, அவனை அனுப்பிய பள்ளிக்கு இரண்டு பந்தும் ஒரு வளையமும் வாங்கிக் கொடுத்தால் கூடப் போதும் என்பேன். யாருடைய கஜானாவும் இதனால் காலியாகிவிடாது.

இதையே நண்பரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "பந்து வாங்குவது பெரிதில்லை, ஐயா. எங்களுக்கு நஷ்டமானது வேறே. சின்னப் பையனுக்கு ஆட்டம் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? நானா? நான் விசில் ஊதுகிறவன். மூன்றாம் வருஷத்து அண்ணன்தான் முதல் வருஷத்துத் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கிறான். அவன் எப்படிக் காலை வைக்கிறான், எப்படித் தோளைத் திருப்பிப் பந்தை மறைக்கிறான் என்று எதிரே நின்று அடிபட்டுத்தான் இவன் கற்றுக்கொள்கிறான். அண்ணன் இல்லாத மைதானத்தில் தம்பி யாரைப் பார்த்து ஆடுவான்?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை.

"அதனால், போகிறவனிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்வேன்" என்று அவரே தொடர்ந்தார். "பொங்கல் லீவுக்கு வீட்டுக்கு வருவாய் அல்லவா? அதில் ஒரு சாயங்காலம் மைதானத்துக்கு வந்து சின்னப் பையன்களோடு ஆடிவிட்டுப் போ. அவ்வளவுதான்."

"வருகிறார்களா?"

"சில பேர் வருவதில்லை. போன பொங்கலுக்கு நாலு பேர் வந்தார்கள். ஒருவன் சென்னையிலிருந்து வளையத்துக்குப் புது வலை வாங்கி வந்திருந்தான். பழையது கிழிந்து இரண்டு வருஷம் ஆயிற்று. ஏணி கிடைக்கவில்லை. ஒருவன் தோள் மேல் ஒருவன் ஏறி நின்று, இருட்டுகிற வரைக்கும் மாட்டிக்கொண்டிருந்தான்கள்!"