விக்கா: ஒரு புதுச் சமயமும் அதன் பழைமைக் கோரிக்கையும்

விக்கா என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலே உருப்பெற்ற ஒரு சமயநெறி. இதனைப் பின்பற்றுவோர் தம்மைச் 'சூனியக்காரர்' என விரும்பியே அழைத்துக்கொள்வதுண்டு. எமது வழக்கிற் சூனியம் என்பது பிறர்க்குத் தீங்கு செய்தலையே குறிப்பதால், இப்பெயர் மயக்கந் தருவதில் வியப்பில்லை. சாத்தான் கிறித்தவக் கற்பனைக்குரியவன். விக்காவில் அவனுக்கு இடமில்லை.

இந்நெறியினர் நிலவோடும் மண்ணோடும் தொடர்புறுத்தப்படும் பெண்தெய்வத்தையும், காட்டுக்கும் வேட்டைக்கும் உரிய கொம்புடைத் தெய்வத்தையும் வழிபடுவர். அனைவரையும் கட்டுப்படுத்தும் மறைநூலோ தலைமைப்பீடமோ இல்லை. எவர்க்கும் தீங்கின்றேல் விரும்பியதைச் செய்யலாம் என்பதே அடிப்படை ஒழுக்கம். செய்த வினை மும்மடங்காய் மீளும் எனப் பலர் நம்புவர். பௌர்ணமி இரவுகளிற் சிறு குழுவாகக் கூடி, கத்தியால் வட்டம் வரைந்து, நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை நாற்றிசைகளில் அழைப்பர். சில பிரிவினர் ஆடையின்றியே சடங்கியற்றுவர். தீட்சை மூன்று படிகளைக் கொண்டது. ஆண்டில் எட்டு விழாக்கள் உள; ஒக்டோபர் 31இல் வரும் விழா இறந்தோரை நினைவுகூர்வது.

இதனை உலகறியச் செய்த ஜெரல்ட் கார்ட்னர் 1884இற் பிறந்தவர். 1900ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றிலே தொழில் பயில வந்து, பின்னர் மலாயாவிற் சுங்க உத்தியோகத்தராய் இருந்து, 1936இல் ஓய்வுபெற்றார். ஆதி சமயத்தைத் தேடிய இம்மனிதர் காலனித்துவத் தோட்டங்களின் வழியாக வந்தவர் என்பது சிந்தனைக்குரியது. 1939இல், தொன்றுதொட்டு மறைவாக வாழ்ந்துவந்த ஒரு குழுவினர் தமக்குத் தீட்சை அளித்ததாக அவர் கூறினார். 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டபின், 1954இல் அவரது நூல் வெளிவந்தது. அதற்கு அணிந்துரை வழங்கியவர் மார்கிரட் மறே.

மறே 1921இல் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பாவிற் சூனியக்காரரென ஒறுக்கப்பட்டோர் கிறித்தவத்துக்கு முற்பட்ட சமயமொன்றின் அடியார்கள் என வாதிட்டது. கார்ட்னரது கோரிக்கை முழுவதும் இவ்வாதத்தின்மீதே நின்றது. ஆனால் 1975இல் நோர்மன் கோன், விசாரணை வாக்குமூலங்களிற் காணப்பட்ட நடக்கவியலாச் செய்திகளை மறே விலக்கிவிட்டு, எஞ்சியவற்றையே சான்றாகக் காட்டினார் என்பதை நிறுவினார். கொல்லப்பட்டோர் தொண்ணூறு இலட்சம் எனச் சிலர் கூறும் தொகையும் ஏற்கத்தக்கதன்று. இன்றைய வரலாற்றாசிரியர் நாற்பதினாயிரம் முதல் அறுபதினாயிரம் வரை எனக் கணிப்பர். அவருட் பெரும்பாலோர் பெண்கள். ஆங்கிலக் கிராமங்களைப் பொறுத்தவரை, பிச்சை மறுக்கப்பட்ட ஏழை மூதாட்டியின் முணுமுணுப்பே குற்றச்சாட்டாய் வளர்ந்தமையை 1971இல் கீத் தோமஸ் காட்டினார்.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. இப்பெண்கள் கிறித்தவர்களாகவே வாழ்ந்து மாண்டவர்கள். அவர்களை இரகசியச் சமயமொன்றின் தியாகிகளாக்குவது, அன்பினாலேயெனினும், நீதிபதிகள் சுமத்திய பழியை மீள உறுதிசெய்வதாகும். வறுமையும் அயலாரின் அச்சமும் சட்டத்தின் கொடுமையும் அக்கதையில் மறைந்துபோகின்றன.

எனினும், புதிது என்பதனால் ஒரு சமயம் பொய்யாகிவிடாது. ஆண்கடவுளின் ஆட்சியிற் சலிப்புற்ற பெண்கள் பலர் இங்கு ஓர் இடத்தைக் கண்டனர். அவ்விடமும் போராடாமற் கிடைக்கவில்லை. சடங்குப் பாடல்களைச் செம்மைப்படுத்திய டொரீன் வலியன்ரி, தலைமைப் பெண் பூசகர் மூப்படைந்ததும் இளையவளுக்கு வழிவிடவேண்டும் எனும் விதியைக் கார்ட்னர் 'பழஞ்சட்டம்' என முன்வைத்தபோது, அது பழைமையானதென ஏற்க மறுத்து, 1957இற் பிரிந்து சென்றார். 1971இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பெண்களுக்கு மட்டுமான குழுவொன்று தோன்றியது. 2007இல் அமெரிக்க அரசு, மாண்ட படைவீரரின் கல்லறைகளில் விக்காவின் ஐம்முனை நட்சத்திரத்தைப் பொறிக்க இசைந்தது.